தோட்ட மண்ணுல மைக்ரோபிளாஸ்டிக்: மண்ணை மாத்தறதா, சலிக்கறதா, இல்ல வர்ற வழியை அடைக்கறதா?

மண்ணைக் கிளறும்போது நீலக் கலர்ல ஒரு நூலு, வெள்ளையா ஒரு சில்லு, எப்பவோ கிழிஞ்ச கவரோட ஒரு ஓரம்... நகரத்துல தோட்டம் வச்சிருக்கவங்க அனேகமா எல்லாருமே இதைப் பார்த்திருப்போம். பார்த்ததும் மனசுல வர்ற கேள்வி, கண்ணுக்குத் தெரியறதே இவ்ளோன்னா தெரியாம எவ்ளோ கிடக்கும், இதுல கீரை போட்டுச் சாப்பிடலாமா, இந்த மண்ணை என்னதான் பண்றது? இதுக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்றாங்க. மொத்த மண்ணையும் தோண்டிப் போட்டுட்டு புது மண் கொட்டுன்னு சிலர், சல்லடை வச்சு சலிச்சு எடுன்னு சிலர், தரையே வேணாம் தொட்டிக்கும் பைக்கும் மாறிடுன்னு சிலர், பிளாஸ்டிக்கைத் தின்னுற பாக்டீரியா இருக்காம்ல அதை வாங்கி ஊத்துன்னு இன்னும் சிலர்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். பெரும்பாலான தோட்டத்துக்கு மண்ணை மாத்தவே வேணாம். கண்ணுக்குத் தெரியற துண்டை எல்லாம் பொறுக்கி எடுக்கணும், புதுசா உள்ள வர்ற வழியை ஒவ்வொண்ணா அடைக்கணும், அதுலயும் முதல் கவனம் நாம வெளியில இருந்து வாங்கிப் போடற கம்போஸ்ட் மேல இருக்கணும். ஏன்னு ஒவ்வொரு வழியா எடுத்துப் பார்ப்போம்.

அதுக்கு முன்னாடி இந்தத் துகள் மண்ணுக்குள்ள என்ன செய்யுதுன்னு தெரிஞ்சா எந்த வழி சரின்னு தேர்ந்தெடுக்க சுலபமா இருக்கும். 5 மி.மீ.க்குக் கீழ இருக்கற பிளாஸ்டிக் துகளைத்தான் மைக்ரோபிளாஸ்டிக்னு சொல்றாங்க. இந்தப் பேரு பரவினது 2004ல, இங்கிலாந்தோட பிளைமவுத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்ப்சன் குழு கடல்ல, கடற்கரை மணல்ல பார்த்ததை எழுதினதுக்கு அப்புறம். அதனாலயோ என்னவோ ரொம்ப வருஷம் இதைக் கடல் பிரச்சினையாவே பேசிட்டு இருந்தாங்க, மண்ணையும் பார்க்கணும்னு 2012ல எழுதினவர் பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகத்து மத்தியாஸ் ரில்லிக். அவர் குழுவுல அன்டர்சன் டி சோசா மச்சாடோ 2018, 2019ல செஞ்ச சோதனைகள்ல பாலியஸ்டர் நூல் கலந்த மண்ணுல தண்ணி பிடிக்கற தன்மையே மாறிடுச்சு, மண் கட்டிகள் தண்ணில கரையாம நிக்கற பலமும் குறைஞ்சுது. உருண்டையான துகளை விட நூல் மாதிரி நீளமா இருக்கறதுதான் மண்ணோட அமைப்பை அதிகம் கலைக்குது. 2019ல வந்த இன்னொரு ஆய்வுல துணி நூலும், மக்கும்னு சொல்ற பிஎல்ஏ பிளாஸ்டிக்கும் கலந்த மண்ணுல புல் விதை முளைக்கறது குறைஞ்சுது, கெட்டி பாலிஎத்திலீன், அதாவது நாம பாலித்தீன்னு சொல்றது, கலந்த மண்ணுல இருந்த மண்புழு எடை குறைஞ்சுது. மண்புழு சம்பந்தமா 2016ல வந்த சோதனையில இலைக்கூளத்துல 28 சதவீதமும் அதுக்கு மேலயும் பாலிஎத்திலீன் தூள் கலந்தப்போ புழு அதிகமா செத்துச்சு. 28 சதவீதம்ங்கறது நம்ம தோட்டத்துல வர்ற அளவே இல்ல, ரொம்ப ரொம்ப அதிகம், அதனால அதைப் படிச்சுட்டு பயப்பட வேணாம். ஆனா 2017ல ரில்லிக் குழு காட்டின விஷயம் நம்ம தோட்டத்துக்கு நேரா பொருந்துது, மண்புழு மேல கிடக்கற துகளைத் தன் வளை வழியா கீழ கொண்டு போயிடுது. அதாவது இன்னைக்கு மேல கிடக்கறதை நாம எடுக்கலைன்னா கொஞ்ச நாள்ல அது ஆழத்துல இருக்கும்.

செடிக்குள்ள போகுமான்னு கேட்டா, போகும், ரொம்பப் பொடிசா இருந்தா. 2020ல கோதுமையையும் லெட்யூஸ் கீரையையும் வச்சு செஞ்ச ஆய்வுல மைக்ரோமீட்டர் அளவு துகள், பக்க வேர் வெடிச்சு வெளிய வர்ற இடத்துல இருக்கற சின்ன விரிசல் வழியா உள்ள போனதைப் பார்த்தாங்க. ஒரு மைக்ரோமீட்டர்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. செடிக்குள்ள நுழையற சைஸை எந்த சல்லடையாலயும் பிடிக்க முடியாது, எந்தக் கையாலயும் பொறுக்க முடியாது. நம்மால பிடிக்க முடியறது அதோட மூல வடிவத்தை மட்டும்தான், அந்தக் கவரை, அந்தக் கயிறை, அந்த விரிப்பை, அது உடையறதுக்கு முன்னாடி. வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர்தான் பிளாஸ்டிக்கோட நீளமான மூலக்கூறை வெட்டி அதை நொறுங்க வைக்குது, மண்ணுக்குள்ள புதைஞ்சுட்டா வெயிலும் இல்ல, அப்புறம் அது மக்கவும் மக்காது, அப்படியே கிடக்கும். மேல கிடந்து பொடியாகி உள்ள போய்ப் பத்திரமா உக்காந்துக்குது, இதுதான் நடக்கறது.

சரி, முதல் வழி, மண்ணை மாத்தறது.

கேக்க சுத்தமான தீர்வு மாதிரி இருக்கும். கணக்கு போட்டுப் பாருங்க. 10 சதுர மீட்டர் பாத்தி, 20 செ.மீ. ஆழம்னா 2 கன மீட்டர் மண், எடையில சுமார் இரண்டரை டன். அந்த மண் எங்க போகும்? வேற ஒரு இடத்துக்குத்தான், அங்கயும் அந்த பிளாஸ்டிக்கோடதான் போகும். அதுக்குப் பதிலா வர்ற மண் எங்கிருந்து வருது? தோட்டத்துக்குன்னு விக்கற மேல்மண் நிறைய நேரம் கம்போஸ்ட் கலந்ததாத்தான் இருக்கும், அந்தக் கம்போஸ்ட் எதுல செஞ்சதுன்னு விக்கறவங்களுக்கே தெரியாம இருக்கலாம். வேலில போறதை எடுத்து மடியில விட்டுக்கற வேலை இது. அதோட பல வருஷமா வளர்ந்த பூஞ்சை இழை, மண்புழு, சின்ன பூச்சி எல்லாத்தையும் சேர்த்துத்தான் தூக்கிப் போடறோம், அது திரும்ப உருவாக பல பருவம் ஆகும்.

இன்னொண்ணு, காத்து. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையில இருக்கற பைரனீஸ் மலைல ஊருக்கெல்லாம் ரொம்ப தூரத்துல இருக்கற ஒரு இடத்துல வானத்துல இருந்து விழற மைக்ரோபிளாஸ்டிக்கை எண்ணிப் பார்த்து 2019ல எழுதினாங்க, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு சராசரி 365 துகள். ஆளே இல்லாத மலைலயே இப்படின்னா, நகரத்துல புது மண் கொட்டின அன்னிக்கே கணக்கு ஆரம்பிச்சுடும். அதனால பூஜ்யம்ங்கற இலக்கையே மனசுல இருந்து எடுத்துடணும்.

மண்ணை மாத்தறது நியாயமான இடமும் இருக்கு. செயற்கைப் புல் போட்டு அதுக்கு அடியில ரப்பர் குருணை கொட்டி வச்சிருந்த இடம், கட்டட இடிபாடும் தெர்மாகோல் மணியும் கலந்து நிரப்பின இடம், வருஷக்கணக்கா குப்பை எரிச்ச மூலை. இங்கெல்லாம் மேல இருக்கற ஒரு அடுக்கையாவது வழிச்சு எடுத்துடறது நல்லது. ரப்பர் குருணையை எல்லாம் உக்காந்து பொறுக்கிட்டு இருக்க முடியாது. ஐரோப்பிய யூனியன் 2023ல வேணும்னே சேர்க்கற மைக்ரோபிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தப்போ இந்தச் செயற்கைத் திடல் குருணையையும் அதுல சேர்த்தாங்க, விக்கறதை நிறுத்த 2031 வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க.

ரெண்டாவது வழி, பொறுக்கறதும் சலிக்கறதும். இதுல பொறுக்கறது நூத்துக்கு நூறு செய்யணும்னு சொல்வேன், சலிக்கறதை யோசிச்சு செய்யணும்னு சொல்வேன், ரெண்டும் ஒண்ணு இல்ல.

பொறுக்கறதுக்கு நல்ல நேரம் நல்ல மழை பெஞ்சு அடுத்த நாள், இல்ல பாத்தியை நல்லா நனைச்சுட்டு. மேல்மண் கழுவிப் போய் சில்லெல்லாம் பளிச்சுன்னு தெரியும். ஒவ்வொரு தடவை களை எடுக்கும்போதும் இடுப்புல ஒரு பை கட்டிக்கிட்டா அதுவே பழக்கமாயிடும். கயிறு, வலை, பை துண்டு, செடி வாங்கினப்போ வந்த லேபிள், நாத்து ட்ரேயோட உடைஞ்ச ஓரம், சொட்டு நீர் குழாய் துண்டு, இதெல்லாம் கைல வரும். ஒரு கவர் துண்டை முழுசா இருக்கும்போது எடுக்க ஒரு நொடி போதும், ஒரு கோடை வெயில்ல கிடந்து பொடிஞ்சுட்டா அதே துண்டை எடுக்க ஆயுசு பத்தாது.

சலிக்கறதுல என்ன பிரச்சினைன்னா, மண்ணைக் காய வச்சு உதிர்த்தாத்தான் சல்லடைல சுலபமா இறங்கும், அப்படி உதிர்த்தா மண்ணோட கட்டமைப்பு போயிடும், காய்ஞ்ச மண்ணுல இருந்து கிளம்பற தூசி நம்ம மூக்குக்குத்தான் போகும். 5 மி.மீ. சல்லடைன்னா கல்லோட கலந்து பெரிய சில்லு நிக்கும், 2 மி.மீ. போட்டா வேலை பல மடங்கு ஆகும், ரெண்டுலயும் நூல் நேரா நின்னு கீழ இறங்கிடும், மண்ணை அதிகம் கலைக்கற நூலே தப்பிச்சுடுது பாருங்க. அதனால முழுத் தோட்டத்தையும் சலிக்கறது வேண்டாத வேலை. விதை போடற சின்ன பாத்தி, கேரட் முள்ளங்கி மாதிரி வேர்க்காய் போடற பாத்தி, ரொம்ப மோசமா இருக்கற ஒரு மூலை, இதுக்கு மட்டும் மேல 5 செ.மீ. எடுத்து, லேசா ஈரம் இருக்கும்போதே 5 மி.மீ. சல்லடைல சலிச்சா போதும். மாஸ்க் போட்டுக்கோங்க.

உப்புத் தண்ணி டெஸ்ட் பத்தியும் நிறைய பேர் கேக்கறாங்க. சாதா தண்ணியோட அடர்த்தி 1னு வச்சா, கரையற வரைக்கும் உப்பு போட்ட தண்ணியோட அடர்த்தி 1.2 கிட்ட வரும். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் ரெண்டும் 1க்குக் கீழ, பாலிஸ்டைரின் 1.05, அதனால இது மூணும் மிதக்கும், மண் மணல் எல்லாம் 2.65 பக்கம், அடியில போயிடும். ஆனா பாட்டில் செய்யற பெட், பாலியஸ்டர் நூல், பிவிசி எல்லாம் 1.38 கிட்ட, அது மண்ணோட சேர்ந்து மூழ்கிடும், அதே நேரம் காய்ஞ்ச வேரும் இலைத் துணுக்கும் பிளாஸ்டிக்கோட சேர்ந்து மிதக்கும். ஆய்வகத்துல இந்த இலைக் குப்பையை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்திக் கரைச்சுட்டு, மிச்சத்தை அகச்சிவப்பு நிறமாலை இல்ல ராமன் கருவில ஒவ்வொரு துகளா பார்த்து எந்த பிளாஸ்டிக்னு சொல்றாங்க. வீட்டுல அது நடக்காது. வீட்டு டெஸ்டால ஆகற ஒரே நல்ல காரியம் ரெண்டு கம்போஸ்டை ஒப்பிட்டுப் பார்த்து எது பரவால்லன்னு முடிவு பண்றதுதான். டெஸ்ட் முடிஞ்ச உப்புத் தண்ணியைத் தோட்டத்துல ஊத்திடாதீங்க.

மூணாவது வழி தொட்டி, பை, மேட்டுப்பாத்தி. பிளாஸ்டிக் மண்ணுக்குப் பயந்து பிளாஸ்டிக் பைக்குள்ள போறதுன்னா யோசிக்கணும். நெய்த குரோ பேக் வெயில்ல நின்னு நின்னு ஓரம் நார் நாரா உதிரும், ஃபெல்ட் துணிப் பைன்னு விக்கறதும் பாலிப்ரொப்பிலீன் இல்ல பாலியஸ்டர் நாருதான், அதுல இருந்து வர்றது அந்த மோசமான நூல் வடிவமே. அதுக்கு மண் தொட்டி, மரம், சிமெண்ட், தகரம் எவ்வளவோ மேல். பிளாஸ்டிக் தொட்டி ஏற்கனவே வச்சிருந்தா தூக்கிப் போடணும்னு இல்ல, கெட்டியா, புற ஊதாக் கதிர் தாங்கற மாதிரி செஞ்சது பல வருஷம் வரும், விரலால தேய்ச்சுப் பார்த்து சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டுச்சுன்னா அன்னிக்கோட அதுக்கு ஓய்வு குடுத்துடுங்க, இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு வச்சிருந்தா அது தொட்டியில இருந்து மண்ணுக்கு இறங்கிட்டு இருக்கும். பழைய டயர்ல செடி வைக்கறது வேணவே வேணாம், டயர்ல ஒண்ணு ரெண்டு சதவீதம் துத்தநாகமும் கூடவே வேற பல ரசாயனமும் இருக்கு. மேட்டுப்பாத்தி நல்ல விஷயம்தான், ஆனா அதை நிரப்பத் தேவைப்படறது ஒரு குவியல் கம்போஸ்ட், அதனால சுத்தி சுத்தி கேள்வி அங்கதான் வந்து நிக்குது. உள்பக்கம் பாலித்தீன் ஷீட் விரிக்காதீங்க, அது இன்னொரு மூலம்.

பாக்டீரியா கதை சுருக்கமா. 2016ல ஜப்பானோட சகாய் நகரத்துல கண்டுபிடிச்ச ஐடியோனெல்லா சகாயென்சிஸ் நிஜம்தான், ஆனா அது தின்னுறது பெட் பிளாஸ்டிக்கை, அதுவும் மெல்லிசான, எளிசா உடையற வகை ஃபிலிமை 30 டிகிரி சூட்டுல வச்சு ஆறு வாரம் கிட்ட எடுத்துக்கிச்சு. தோட்டத்துல உதிர்ற கவர், கயிறு, விரிப்பு எல்லாம் பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும், அது மேல இதுக்கு வேலை இல்ல. இதுக்காகக் காசு செலவழிக்காதீங்க.

இப்ப நாலாவது வழி, வர்றதை நிறுத்தறது. நான் நிக்கற இடம் இதுதான், இதுக்குள்ளயும் பல தேர்வு இருக்கு.

கம்போஸ்ட்ல ஆரம்பிப்போம், ஏன்னா கிலோ கணக்குல நாமளே கையால கொண்டு வந்து பரப்பற ஒரே விஷயம் இதுதான். ஜெர்மனியோட பைராய்ட் பல்கலைக்கழகக் குழு 2018ல பல வகை கம்போஸ்டையும் சாண எரிவாயு நிலையக் கழிவையும் பார்த்தப்போ, காய்ஞ்ச எடையில ஒரு கிலோவுக்கு 14ல இருந்து 895 வரைக்கும் துகள் இருந்துச்சு, அதுவும் 1 மி.மீ.க்கு மேல இருக்கறதை மட்டும் எண்ணினது. இந்த 14க்கும் 895க்கும் இருக்கற தூரத்தைப் பாருங்க, எது உள்ள போச்சோ அதைப் பொறுத்துத்தான் எல்லாம், கடைகள்ல இருந்து பேக்கிங்கோட வர்ற உணவுக் கழிவு போனா நிறைய இருக்கு. ஒரு குப்பைக் கவரைப் பிரிக்காம அப்படியே அரவை மெஷின்ல போட்டா ஒரு கவரு ஆயிரக்கணக்கான துண்டாகி மொத்தக் குவியலுக்கும் பரவுது, அப்புறம் என்ன சலிச்சாலும் முழுசா வராது.

ஐரோப்பிய யூனியன் உர விதியில 2 மி.மீ.க்கு மேல இருக்கற பிளாஸ்டிக் கம்போஸ்ட்ல காய்ஞ்ச எடைக்கு கிலோவுக்கு 3 கிராம் வரைக்கும் இருக்கலாம்னு வச்சு, 2026 ஜூலைல இருந்து அதை 2.5 கிராமா குறைக்கறாங்க. கேக்க சின்ன நம்பர். வருஷத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு காய்ஞ்ச எடையில 5 கிலோ கம்போஸ்ட் போடறோம்னு வச்சுப்போம், எல்லைல நிக்கற கம்போஸ்டா இருந்தா 12.5 கிராம் பிளாஸ்டிக், 10 சதுர மீட்டருக்கு 125 கிராம். மெல்லிசு கேரி பேக் ஒண்ணு 5, 6 கிராம் இருக்கும், அப்போ விதிப்படி பாஸான கம்போஸ்டே வருஷத்துக்கு இருபதுக்கு மேல கேரி பேக்கைப் பொடி பண்ணிப் போட்டதுக்குச் சமம், 2 மி.மீ.க்குக் கீழ இருக்கறது அந்தக் கணக்குலயே வரல. நல்ல கம்போஸ்ட் இந்த எல்லைக்கு ரொம்பக் கீழதான் இருக்கும், நான் சொல்ல வர்றது, சான்று இருக்குன்னு கண்ணை மூடிட்டு வாங்க முடியாது, கைல எடுத்துப் பார்க்கணும்.

எப்படிப் பார்க்கறது? மொத்தமா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு லிட்டர் அளவு எடுத்து, பேப்பர்ல பரப்பிக் காய வச்சு, சாய்வா வெளிச்சம் விழற மாதிரி வச்சுப் பாருங்க. பளபளன்னு மின்னற ஜரிகை மாதிரி துணுக்கு, சிவப்பு நீலம் மாதிரி இயற்கையில வராத கலர், வளைச்சா ஒடியாம இழுபடற நாரு, இது நாலஞ்சு கண்ணுல பட்டாலே அந்த லோடு வேணாம்னு சொல்லிடுவேன். கேக்கறதுக்கு ரெண்டு கேள்வி போதும், எதுல செஞ்சது, பிரிச்சு வாங்கின கழிவா கலந்த குப்பையா.

என் வரிசை இப்படி இருக்கும். நம்ம தோட்டத்து இலையையும் நம்ம சமையலறைக் கழிவையும் வச்சு நாமளே செஞ்சது எல்லாத்துக்கும் மேல. அடுத்து வெறும் இலை மட்கு, ரோட்டோரம் கூட்டின இலையா இல்லாம இருந்தா. அப்புறம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்ச சாண எரு, அதுலயும் தீவனக் கட்டு கட்டின நைலான் கயிறு இருக்கும், பார்த்து எடுக்கணும். அதுக்கு அடுத்துத்தான் தனியா பிரிச்சு வாங்கின கழிவுல செஞ்ச நகராட்சி கம்போஸ்ட். கலந்த குப்பையில செஞ்சதை சாப்பிடற செடிக்குப் போடவே மாட்டேன். கடைசி இடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்து ஸ்லட்ஜ், அங்க வர்ற தண்ணில இருக்கற மைக்ரோபிளாஸ்டிக்ல 90 சதவீதத்துக்கு மேல பிடிச்சுடறாங்க, பிடிச்சது எங்க போகும்னா அந்தச் சகதிக்குள்ளதான். ஐரோப்பால மட்டும் இப்படி விவசாய நிலத்துக்கு வருஷத்துக்கு 63,000 டன்ல இருந்து 4,30,000 டன் வரைக்கும் மைக்ரோபிளாஸ்டிக் போகலாம்னு 2016ல ஒரு மதிப்பீடு வந்துச்சு.

வீட்டுக் கம்போஸ்ட்னா தானா சுத்தம்னும் நினைச்சுக்க வேணாம். பழத்து மேல இருக்கற ஸ்டிக்கர், அட்டைப் பெட்டில ஒட்டின டேப், உள்பக்கம் பாலித்தீன் பூசின பேப்பர் கப், வீட்டைக் கூட்டின தூசி, துணிக் காயவைக்கற மெஷின்ல சேர்ற பஞ்சு, இதெல்லாம் பிளாஸ்டிக்தான். டீ பேக் பிளாஸ்டிக் வலையா இருந்தா அதையும் போடாதீங்க, கனடாவோட மெக்கில் பல்கலைக்கழகத்துல 2019ல ஒரே ஒரு பிளாஸ்டிக் டீ பேக்கை 95 டிகிரி தண்ணில போட்டப்போ 1,160 கோடி மைக்ரோபிளாஸ்டிக் துகள் வந்துச்சு. மக்கும் பைன்னு எழுதியிருக்கறதுல ஈஎன் 13432ங்கற ஐரோப்பியத் தர எண் இருந்தா அது 58 டிகிரி கிட்ட ஓடற தொழிற்சாலை கம்போஸ்டுக்குக் குடுத்த சான்று, வீட்டுக் குவியல் அந்த சூட்டுல வாரக்கணக்கா நிக்காது, பை பாதில கிழிஞ்சு துண்டாத்தான் கிடக்கும். மண்புழு உரத்துலயும் இதே கதைதான், புழு பிளாஸ்டிக்கைக் கரைக்காது, கலக்கும்.

இதைப் படிச்சுட்டு யாரும் கம்போஸ்டையே விட்டுடாதீங்க, மண்ணுக்கு அது உசுரு. அதை விட்டுட்டு மெதுவா கரையற உருண்டை உரத்துக்குப் போனா அந்த உருண்டையோட தோலே பெரும்பாலும் பிளாஸ்டிக், உள்ள இருக்கற உரம் கரைஞ்சு போனதும் வெறும் கூடு மண்ணுல நிக்கும். தூளா, கட்டியா, பூச்சு இல்லாம வர்ற உரம் போதும்.

மூடாக்குல தேர்வு சுலபம். கறுப்பு பாலித்தீன் ஷீட், நெய்த களை விரிப்பு, மக்கும் ஃபிலிம், இலை வைக்கோல் மரச்சில்லு, இந்த நாலுல நாலாவதை எடுங்க. ஷீட் களையை அடக்கும், தண்ணியை மிச்சம் பண்ணும், ஆயிரக்கணக்கான ஏக்கர்ல பயிர் பண்றவங்க அதைக் கணக்கு போட்டுத்தான் போடறாங்க, ஆனா சின்னத் தோட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்ல. நெய்த விரிப்பு தட்டையான பாலிப்ரொப்பிலீன் இழைல செஞ்சது, செடிக்கு ஓட்டை வெட்டின இடத்துல இருந்தே இழை பிரிய ஆரம்பிக்கும், ரெண்டு மூணு வருஷத்துல மேல மண்ணும் இலையும் சேர்ந்து களை அதுக்கு மேலயே முளைக்கும், வேர் விரிப்புக்குள்ள பின்னிக்கும், அப்ப இழுத்தா நூல் நூலாத்தான் வரும். மக்கும் ஃபிலிம்ல மண்ணுக்குன்னே இருக்கற ஈஎன் 17033 சான்று பார்த்து வாங்கினா அது பாலித்தீனை விட நல்லது, கம்போஸ்டுக்குன்னு சான்று வாங்கின ஃபிலிமும் இதுவும் ஒண்ணு இல்ல. ஆக்ஸோ டிகிரேடபிள்னு போட்டிருந்தா தொடவே தொடாதீங்க, அது சீக்கிரம் உடைஞ்சு பொடியாகறதுக்குன்னே செஞ்சது, ஐரோப்பிய யூனியன் 2021 ஜூலைலயே தடை பண்ணிடுச்சு.

தண்ணி. வாஷிங் மெஷின் தண்ணியைச் செடிக்கு விடறவங்க இதை யோசிங்க, பிளைமவுத்துலயே 2016ல 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைச்சா 7 லட்சத்துக்கு மேல நூல் உதிரும்னு கணக்கு சொன்னாங்க. தண்ணிப் பஞ்சம் இருக்கற இடத்துல அதை வீணாக்கச் சொல்ல மனசு வராது, மரத்துக்கு விடுங்க, கீரைப் பாத்திக்கு வேணாம், விடறதுக்கு முன்னாடி நெருக்கமான துணியில வடிகட்டுங்க. ரோட்டுல இருந்து வழியற மழைத்தண்ணி பாத்திக்குள்ள வராம ஒரு வரப்பு போடுங்க, டயர் தேய்ஞ்ச தூள் அதோடதான் வருது. டயர்ல சேர்க்கற சில ரசாயனங்களை லெட்யூஸ் வேர் வழியா எடுத்துக்குதுன்னு வியன்னா பல்கலைக்கழகக் குழு காட்டியிருக்காங்க. ரோட்டுப் பக்கம் அடர்த்தியா ஒரு புதர் வரிசை, கீரை எல்லாம் வீட்டுக்குப் பின்னாடி, இவ்ளோதான்.

கைல இருக்கற காசுக்கு ஒரே ஒரு மண் டெஸ்ட்தான் எடுக்க முடியும்னா மைக்ரோபிளாஸ்டிக்குக்கு எடுக்காதீங்க, ஈயத்துக்கு எடுங்க. இதை அழுத்திச் சொல்றேன். பழைய பெயிண்ட்லயும் பெட்ரோல்லயும் இருந்த ஈயம் நகரத்து மண்ணுல இன்னும் கிடக்கு, ஈயம் கலந்த பெட்ரோலை உலகத்துல கடைசியா அல்ஜீரியா நிறுத்தினதே 2021ல. குழந்தைங்க மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும்னு பல வருஷ ஆதாரம் கெட்டியா இருக்கு, சாப்பாடு வழியா மைக்ரோபிளாஸ்டிக் எவ்ளோ கெடுதல்னு ஆராய்ச்சி இன்னும் நடந்துட்டு இருக்கு. ஈயம் அதிகம்னு ரிசல்ட் வந்தா மேட்டுப்பாத்தியோ மண் மாத்தறதோ அப்ப உண்மையிலேயே தேவைப்படும், பிளாஸ்டிக்குக்காக மட்டும் யோசிச்சப்போ வேணாம்னு தள்ளின வழி அங்க சரியான வழி ஆயிடும். ரெண்டுக்குமே பொதுவா உதவறது, கீரையையும் வேர்க்காயையும் ஓடற தண்ணில நல்லா கழுவறது, வேர்க்காய் தோலைச் சீவறது, மண்ணை வெறுமனே விடாம மூடி வைக்கறது.

ஆக, உங்க மண்ணுல அங்கங்க ஒரு சில்லு, நூல்னு மட்டும் தெரிஞ்சா மழைக்கு அப்புறம் பொறுக்கறது, கம்போஸ்ட் மாத்தறது, இது ரெண்டோட நில்லுங்க. புதுசா ஒரு இடத்தை எடுத்து ஆரம்பிக்கறவங்க முதல் பருவம் ஒண்ணும் நடாம நல்லா கிளறிப் பொறுக்கிட்டு, மூடாக்குப் பயிர் ஏதாவது விதைச்சு விடுங்க, அதுக்குள்ள எந்த மூலை மோசம்னு தெரிஞ்சுடும், சலிக்கறதை அந்த மூலைக்கு மட்டும் வச்சுக்கலாம். தொட்டியில வளர்க்கறவங்க பையில இருந்து தொட்டிக்கு ஒரே நாள்ல மாற வேணாம், உதிர ஆரம்பிச்சதை மட்டும் ஒவ்வொண்ணா மாத்துங்க.

ஏற்கனவே களை விரிப்பு போட்டு அது பொடிய ஆரம்பிச்சிருச்சுன்னா அதை எடுக்கறதுதான் முதல் வேலை, மத்ததெல்லாம் அப்புறம். இழுக்காதீங்க. முதல்ல மேல சேர்ந்திருக்கற மண்ணை வழிச்சுத் தனியா ஒரு ஓரத்துல போடுங்க, அதுல நிறைய இழை இருக்கும், அதைச் சாப்பிடற பாத்திக்குத் திரும்பப் போடாம பூச்செடிக்கு வச்சுக்கோங்க. விரிப்பை நல்லா நனைச்சு, ஓரத்துல இருந்து ஒரு அடி அகலத்துக்கு கத்தரியில வெட்டி, வேரை அடியில மண்வெட்டியால அறுத்து விட்டுட்டு, சுருட்டிக்கிட்டே வாங்க. வெட்டின ஓரத்துல உதிர்ற நூலை அப்பப்ப ஈரக் கையால ஒத்தி எடுத்துடுங்க. எடுத்ததை எரிக்காதீங்க, கட்டி மூடி குப்பைக்குக் குடுத்துடுங்க, அதே நாள் அந்த இடத்துல ஒரு சாண் உயரத்துக்கு இலையைப் போட்டு மூடிடுங்க.